வியாகுலம்மாள் உட்கார்ந்த பாறை

அந்தச் சிவப்பை வியாகுலம்மாள் முதலில் வெற்றிலை எச்சில் என்றுதான் நினைத்தாள்.

திருவொற்றியூர்க் கரையில், மழைக்காலத்துப் புயல் மணலைத் தின்றுவிட்டுப் போன இடத்தில், லாரி லாரியாகப் புதுப் பாறாங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். அதில் ஒன்று ஷேர் ஆட்டோ பருமன். விழுந்த வேகத்தில் இரண்டாகப் பிளந்து, பிளந்த பக்கம் பெரிய மேசைபோல வானத்தைப் பார்த்துக் கிடந்தது. கருவாடு காயப்போட அதைவிட வாகான இடம் கிடையாது. மணல் ஒட்டாது, நாய் ஏறாது. லாரி திரும்பிப் போவதற்குள் வியாகுலம்மாள் பழைய வலையை விரித்து, நெத்திலியைக் கொட்டி, பாறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வியாகுலம்மாளை எதிர்த்துப் பேசுவது அந்தக் கரையில் வழக்கமில்லை.

நெத்திலி காய்ந்து வலையைச் சுருட்டியபோதுதான் அடியில் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. சில புள்ளிகள் கடுகளவு, சில மாதுளை முத்தளவு, ஒன்றிரண்டு சுண்டைக்காயளவு. அக்கம்பக்கத்தில் எந்நேரமும் வாய் சிவக்கத் திரிகிறவன் வலை பின்னும் சுயம்பு ஒருவன்தான். அவனைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா, உனுக்குத் துப்பறதுக்கு இத்தாம் பெரிய கடலு கீது. என் கல்லுதான் கெடச்சுதா?"

"நான் துப்பலக்கா. இன்னும் பாக்கே வாங்கல."

"அப்போ கல்லே வெத்தல போட்டுச்சா?"

சுயம்பு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏறி வந்தான். ஈரத் துண்டால் துடைத்தான், போகவில்லை. வியாகுலம்மாள் தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பளபளத்தது. வெயில் சாய்வாக விழுந்தபோது, ஒரு சுண்டைக்காய்ப் புள்ளியின் உள்ளே விளக்குப் போட்டதுபோல ரத்தச் சிவப்பு எரிந்தது. சுயம்பு அப்படியே குந்திவிட்டான். அவன் குரல் இறங்கிப் போயிற்று.

"யக்கா, இது எச்சி இல்ல. கெம்பு."

வியாகுலம்மாள் சுருட்டிய வலையை மறுபடி விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவளுடைய புருஷன் சவரிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் ஆட்டாமல் அசைக்காமல் இறக்கியே பழகியவர், சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படித்தான் தரையில் வைப்பார். ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, பெரிய புள்ளி ஒன்றைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டினார். அவர் நோண்டி முடிப்பதற்குள் வியாகுலம்மாளின் பொறுமை போய், சுயம்புவின் பொறுமையும் போய், ஒருவழியாகச் சிவப்புக்கல் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டவள் மற்ற இருவரிடமும் வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

சுயம்பு சத்தியத்தை மதிக்கிறவன். யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னான்.

மறுநாள் விடிந்தபோது விம்கோ நகர்வரைக்கும் சங்கதி போயிருந்தது. கரையெங்கும் டங் டங்கென்று சத்தம். சுத்தியல், உளி, ஸ்பானர், மீன் வெட்டும் கத்தி. ஒருவர் அம்மிக் குழவியையே தோளில் தூக்கி வந்திருந்தார். சிவப்பு உள்ள கல், இல்லாத கல் என்ற பேதமில்லாமல் எல்லாக் கல்லுக்கும் அடி விழுந்தது. இருப்பதிலேயே நல்ல சிவப்பு வியாகுலம்மாளின் பாறையில்தான் இருந்தது. ஆனால் அங்கே வியாகுலம்மாளும் இருந்தாள்.

"இது கவர்மெண்டு கல்லுக்கா," என்றான் பெயிண்டர் பீம்ராவ், உளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"கல்லு கவர்மெண்டுதுதான். குந்திகினு கீறது நானு. முடிஞ்சா என்னை எயுப்பிப் பாரு."

பீம்ராவ் பக்கத்துக் கல்லுக்குப் போனான்.

எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருக்க முடியும். சவரிநாதனைத் தன் இடத்தில் வைத்துவிட்டு, கல்லுக்கு விலை கேட்டு வரலாம் என்று வியாகுலம்மாள் வண்ணாரப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள். அங்கே ஒரு சந்துக்குள் அத்தாவுல்லாவின் கடை. தோடு, மூக்குத்திக்குக் கல் பதிக்கிறவர். வியாகுலம்மாளிடம் மாதா மாதம் வஞ்சிரக் கருவாடு வாங்குகிறவர்.

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கல்லை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"வியாகுலம், இது மாணிக்கம் இல்ல. கார்னெட்டு. நல்லதா இருந்தா மாலைல கோப்பாங்க. இதுல உள்ள பூரா வெடிப்பு. அதுக்கும் ஆவாது."

"டபாய்க்காத பாய்."

அத்தாவுல்லா கோபித்துக்கொள்ளவில்லை. கல் விஷயத்தில் தன்னை நம்பாதவர்களை அவர் நிறையப் பார்த்தவர். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கௌசர், இங்க வாம்மா. என் பேச்ச நம்ப மாட்டேங்கறாங்க."

கௌசர் அவர் மகள். கல்லூரியில் நிலவியல் ஆராய்ச்சி செய்கிறவள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வந்து, இடது கையால் கல்லை வாங்கிப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கல்லின் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருந்த பாறைத் துணுக்கைப் பார்த்தபோது அவள் கண் அகன்றது. சோற்றுக் கையை மறந்தே போனாள்.

"ஆண்ட்டி, இது எங்க கிடைச்சுது?"

வியாகுலம்மாள் சட்டென்று கல்லைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டாள். "எதுக்கும் ஆவாதுன்னு உங்க அத்தா சொல்றாரு. அப்புறம் நீ ஏன் கண்ண இப்டி உருட்டற?"

"விலைக்காகப் பாக்கல ஆண்ட்டி. இதுக்கு நெஜமாவே விலை கிடையாது. இது எப்படி இருந்து எப்படி ஆச்சுன்னு பாக்கறேன்."

"கல்லு கல்லாதான் இருந்துருக்கும்."

"இல்ல. வேற ஒண்ணா இருந்துச்சு. பாறையக் காட்டினீங்கன்னா அங்கேயே வச்சுச் சொல்றேன்."

வியாகுலம்மாள் யோசித்தாள். இந்தப் பெண் ஏமாற்றுக்காரியாக இருந்தால் கரையில் தனக்கு ஆள் பலம் உண்டு. இல்லாவிட்டால் விஷயம் தெரிந்துவிடும். எப்படியும் தனக்கு நஷ்டமில்லை. "கைய அலம்பிகினு வா," என்றாள்.

கௌசரின் ஸ்கூட்டரில் இருவரும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனார்கள். கருவாட்டு வாசனை பின்சீட்டிலிருந்து முன்னால் வந்துகொண்டே இருந்தது. கௌசர் ஒன்றும் சொல்லவில்லை. வியாகுலம்மாளுக்கு அந்தப் பெண்ணை அதனால் கொஞ்சம் பிடித்துப் போயிற்று.

கரையில் நிலைமை முற்றியிருந்தது. சுயம்பு தன் பெருவிரலையே அடித்துக்கொண்டு துணி சுற்றியிருந்தான். சிலர் பெரிய பாறைகளுக்கு முட்டுக்கொடுத்திருந்த சிறு கற்களை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலை அடிக்கும்போதெல்லாம் ஒரு பாறை லேசாக ஆடியது.

"அந்தச் சின்னக் கல்ல உருவாதீங்க, பெருசு உருண்டுடும்," என்று கௌசர் கத்தினாள். ஒருவர் காதிலும் விழவில்லை. அவள் பையிலிருந்து தன் சுத்தியலை வெளியே எடுத்தாள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கிளி மூக்கு, நீலக் கைப்பிடி. டங் டங் சத்தம் தானாகக் குறைந்தது. இவ்வளவு நல்ல சுத்தியல் வைத்திருக்கிறவள் கட்டாயம் விஷயம் தெரிந்தவளாகத்தான் இருப்பாள் என்று கூட்டம் முடிவு செய்து பாறையைச் சுற்றி வந்து நின்றது.

"யாருக்கா இது?" என்றான் சுயம்பு.

"பாய் பொண்ணு. கல்லு படிக்குது."

"கள்ளா? அதுக்குக் காலேஜ் எதுக்கு, என்னாண்ட கேட்டாப் போதாது?"

கௌசர் மண்டியிட்டுக் குட்டி லென்ஸைக் கண்ணில் வைத்துப் பாறையை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். வெகு நேரம் கழித்து நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இது சேறு ஆண்ட்டி."

"இன்னாது?"

"சேறு. கடலுக்கு அடியில படிஞ்ச களிமண். இருநூத்தம்பது கோடி வருஷம் இருக்கும்."

"நம்ம முகத்துவாரத்துல முட்டி வரைக்கும் உள்ள வாங்குதே, அந்தச் சேறா?" என்று கேட்ட பீம்ராவ் பாறைமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டான்.

"அந்த மாதிரிதான். ஆறு அடிச்சிட்டு வந்து போட்டது."

வியாகுலம்மாளுக்கு வேறு விசாரம். "அந்தக் கடல்ல இன்னா மீனு?"

"மீனே கிடையாது ஆண்ட்டி. நண்டு, எறா, எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பாசி மாதிரி சின்ன உயிருங்க மட்டும்தான்."

"மீனு இல்லாம கடல வச்சிகினு இன்னா பண்றது?"

கௌசர் வியாகுலம்மாளின் விரலைப் பிடித்து, பாறையில் கறுப்பாக மின்னிய ஒரு கீற்றின்மேல் தேய்த்தாள். விரல் நுனி பென்சில் கிறுக்கியதுபோலக் கறுத்தது. "அந்தப் பாசியெல்லாம் செத்துச் சேத்துல பொதைஞ்சு இப்படி ஆச்சு. பென்சிலுக்குள்ள இருக்கறதும் இதேதான்." வியாகுலம்மாள் விரலை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை.

"சேறு மேல சேறு படிஞ்சு, அடியில இருந்தது இறுகிக் கல்லாச்சு. அப்புறம் ரெண்டு பக்கத்து நிலமும் நகர்ந்து வந்து மோதிச்சு. ஒண்ணுமேல ஒண்ணு ஏறினதுல இது அடியில மாட்டிக்கிச்சு. இங்கேருந்து பொன்னேரி எவ்வளவு தூரம், அத்தனை தூரம் நெட்டுக்குத்தா கீழ."

"நடுவுல ரயில்வே கேட்டு உண்டா?" என்றான் சுயம்பு. பெருவிரலுக்குத்தான் கட்டு, வாய்க்கு இல்லை.

"அங்க சூடு எண்ணூறு டிகிரி."

"அப்போ உருகி ஓடியிருக்குமே," என்றான் பீம்ராவ்.

"கொஞ்சம் உருகிச்சு. இந்த வெள்ளை வரி தெரியுதா, அது உருகி ஓடினப்புறம் உறைஞ்சது. மீதி உருகல. மேல அவ்வளவு பாரம், உள்ள தண்ணியும் வத்திப்போச்சு. கல்லாவே இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள மட்டும் எல்லாம் இடம் மாறிச்சு. சேத்துல இருந்த இரும்பு, அலுமினியம், மணலு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து புதுசா வளர ஆரம்பிச்சுது. அப்படி வளந்ததுதான் இந்தச் சிவப்பு. ஒவ்வொண்ணும் துளித்துளியா, லட்சக்கணக்கான வருஷம் வளந்திருக்கும்."

"உருகாமயே மாறிச்சா?"

"உருகாமயே."

வியாகுலம்மாள் வலையின் ஓரத்தில் மிச்சம் ஒட்டிக் கிடந்த நெத்திலியைப் பார்த்தாள். அதை யாரும் அடுப்பில் ஏற்றவில்லை. உப்பும் வெயிலும் பட்டுக் கிடந்தே அது வேறொன்றாகிவிட்டது. தண்ணீரில் போட்டால் திரும்ப மீனாகாது. "சரி, ஆவட்டும். மேல சொல்லு," என்றாள்.

அதுவரை வாய் திறக்காமல் பாறைமேல் காவல் இருந்த சவரிநாதன் தொண்டையைச் செருமினார். "அவ்ளோ கீழ போனத எந்தக் கிரேன் தூக்குச்சும்மா?"

"மழை அங்கிள். மேல இருந்த மலைய மழையும் காத்தும் கரைச்சுக்கிட்டே இருந்துச்சு. பாரம் குறையக் குறைய அடியில இருந்தது எழும்பி வந்துச்சு."

"சரக்கு எறக்க எறக்கக் கப்பலு மேல வர்றாப்புல."

"அதேதான்."

"எவ்ளோ நேரம் புடிச்சுது?"

"கோடிக்கணக்கான வருஷம்."

"அவசரப்படல," என்றார் சவரிநாதன். இதுவரை அவர் யாரையும் அப்படி மெச்சிப் பேசி வியாகுலம்மாள் கேட்டதில்லை.

"அப்புறம் செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ குவாரில வெடி வச்சுப் பேத்து, லாரில ஏத்தி," என்று கௌசர் சொல்லி நிறுத்தினாள்.

"மறுபடி கடலாண்டயே கொண்டாந்து கொட்டிட்டானுங்களா," என்று வியாகுலம்மாள் முடித்தாள். சொல்லிவிட்டு அவளுக்கே ஏதோ ஆயிற்று. பாறையிலிருந்து நெத்திலி வலையைச் சற்று ஒதுக்கினாள்.

ஆனால் சுயம்பு அவ்வளவு சுலபமாக மசிகிறவன் அல்ல. "கதை நல்லாத்தான் கீது. சேறு சேறுன்னு சொல்லி நம்மள அனுப்பிட்டு, அப்பால இவங்களே மூட்ட கட்டிகினு போய்ட்டாங்கன்னா?"

கூட்டம் முணுமுணுத்தது. சிலர் மறுபடி சுத்தியலைத் தேடினார்கள். பீம்ராவ்தான் நிதானமாகக் கேட்டான். "ஏம்மா, இந்தக் கார்னெட்டு எதுக்குத்தான் ஒதவும்?"

"அரைச்சு உப்புத்தாள்ல ஒட்டுவாங்க. மரம் தேய்க்கறதுக்கு."

பீம்ராவ் தன் உளியைப் பார்த்தான். காலையிலிருந்து நாஷ்டாகூடச் சாப்பிடாமல் கல்லை உடைத்தவன் அவன். "உப்புத்தாளு," என்றான். "நாள் பூரா நான் கையில புடிச்சிகினு கதவு கதவா தேய்க்கறேனே, அந்த உப்புத்தாளு." உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கரையை விட்டு நடந்தான். சேறு என்றபோது அசையாத கூட்டம் உப்புத்தாள் என்றதும் அசைந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அம்மிக் குழவிக்காரர் நீங்கலாக. அவருக்கு அதைத் திரும்பவும் வீடுவரை சுமந்து போக வேண்டியிருந்தது.

கௌசர் அவர்களை அப்படியே போகவிடவில்லை. உருவிய முட்டுக்கற்களையெல்லாம் திரும்ப வைக்கச் சொன்னாள். சவரிநாதன் எழுந்து நின்று, துறைமுகத்தில் காட்டுவதுபோலவே கையைத் தூக்கி, விரலைச் சுழற்றி, உள்ளங்கையைத் தாழ்த்தி ஜாடை காட்ட, ஆண்கள் கல்லைப் புரட்டிப் பொருத்தினார்கள். ஆடிய பாறை அடங்கியது. பல வருஷங்களுக்குப் பிறகு பத்துப் பேர் தன் கையைப் பார்த்து வேலை செய்ததில் அவர் முகம் சிவந்திருந்தது.

கரை காலியானதும் கௌசர் நீலச் சுத்தியலோடு பாறைக்கு வந்தாள். "ஆண்ட்டி, கொஞ்சம் நவுருங்க. இந்த மூலையில ஒரு துண்டு எடுத்துக்கறேன். காலேஜுல அறுத்துப் பாக்கணும்."

"தொடாத."

"என்ன ஆண்ட்டி?"

"சேறா கெடந்து, அமுங்கி, வெந்து, அவ்ளோ கீழருந்து ஏறி வந்துகீது. வந்ததும் வெடி வச்சானுங்க. லாரிலேந்து தூக்கிப் போட்டானுங்க. காலைலேந்து இந்தக் கஸ்மாலங்க கூடக் கெடந்த கல்லையெல்லாம் அடிச்சானுங்க. இனிமே இது மேல ஒரு அடி வியக் கூடாது."

"நேத்து நீங்கதானே நோண்டினீங்க."

"நேத்து எனக்குத் தெரியாது. நீதான சொன்ன."

கௌசர் கெஞ்சினாள். ஒரே ஒரு அடி என்றாள். ஆராய்ச்சி என்றாள், அறிவியல் என்றாள். வியாகுலம்மாள் அசையவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரைக்கும், வெறும் உப்புத்தாள் என்று தெரிந்த பிறகும் அந்தப் பாறையை உடைக்க ஆசைப்பட்ட ஒரே ஆள் நிலவியல் படித்தவள்தான் என்று பின்னால் சவரிநாதன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் வழியும் வியாகுலம்மாளே கண்டுபிடித்தாள். அன்னக்கூடை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சட்டைப் பையிலிருந்தும், லுங்கி மடிப்பிலிருந்தும், ஒரு டிபன் பாக்ஸிலிருந்தும் ஊரார் உடைத்து வைத்திருந்த துண்டுகள் கூடையில் விழுந்தன. சுயம்பு மட்டும் இரண்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இல்லையென்று சாதித்தான். அவன் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டாள். கௌசருக்கு அவள் கேட்டதைவிட நான்கு மடங்கு கிடைத்தது. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏற்றியதில் வண்டி முக்கிக்கொண்டே போயிற்று.

சில வாரம் கழித்துக் கௌசர் போன் செய்தாள். வியாகுலம்மாளும் சவரிநாதனும் பூசைக்குப் போகும் துணி உடுத்திக்கொண்டு அவள் கல்லூரிக்குப் போனார்கள். வியாகுலம்மாள் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் கௌசர் ஒரு கண்ணாடிச் சில்லை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அதில் நகத்தில் பூசிய சாயம்போல ஏதோ லேசாக ஒட்டியிருந்தது.

"இதுவும் உங்க பாறையும் ஒண்ணுதான். தலைமுடியவிட மெலிசா தேய்ச்சிருக்கு."

அதற்குள்ளே வெளிச்சம் புகுந்து வந்தது. கல்லுக்குள்ளே வெளிச்சம் புகும் என்று வியாகுலம்மாள் நினைத்ததே இல்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. கௌசர் எதையோ திருகினாள். சுற்றிலும் இருந்ததெல்லாம் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாகத் தீப்பிடித்ததுபோல நிறம் மாறியது. ரோஜா வட்டம் மட்டும் இருண்டு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

"எல்லாம் மின்னுது. நம்மளுது மட்டும் ஏன் கரண்டு போன வூடாட்டம் கீது?"

"கார்னெட்டோட குணமே அப்படித்தான் ஆண்ட்டி. இந்த வெளிச்சத்துல அது இருட்டாதான் தெரியும். அதை வச்சுத்தான் நாங்க அடையாளம் கண்டுபிடிக்கறது. உள்ள சின்னச் சின்னதா ஏதாவது மின்னுதா பாருங்க."

வியாகுலம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கறுப்பு வட்டத்துக்குள் பொடிப் பொடியாக வெள்ளைத் துணுக்குகள் பளிச்சிட்டன.

"கார்னெட்டு வளரும்போது பக்கத்துல இருந்ததையெல்லாம் முழுங்கிடுச்சு. உள்ள மாட்டினதால அதுங்க மட்டும் அவ்வளவா மாறல. பழைய ஆள்னா இதுங்கதான்."

பின்னால் இரண்டு மாணவிகள் தங்கள் முறைக்காக வந்து நின்றார்கள். சவரிநாதன் குனிந்து, மெதுவாக, "இன்னா தெரியுது?" என்று கேட்டார்.

"கம்முனு இரு," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "இன்னும் எண்ணிகினு கீறேன்."